மட்டக்களப்பு வளவுக்கு எந்தக் கிழங்கு? உருளை, வத்தாளை, மரவள்ளி, இராசவள்ளி – ஓர் ஒப்பீடு

மார்கழி பிறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு அடுப்படி மூலையில் கிடந்து முளைவிட்டிருக்கும். எறிய மனம் வராது. வளவில் புதைத்தால் கிழங்கு வைக்குமா, விதைக்கிழங்கு வாங்குவதென்றால் கிரனோலா நல்லதா டெசிரே நல்லதா என்று கேட்பார்கள். காத்தான்குடியில் பத்துப் பேர்ச் வளவுக்குள் ஒரு பாத்தி கட்ட நினைப்பவரும் கேட்கிறார். வெல்லாவெளிப் பக்கம் அரை ஏக்கர் மேட்டுநிலம் வைத்திருப்பவரும் அதையே கேட்கிறார்.

இனப் பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போனால் அது அரைப் பதில்தான். நம் கரையில் உருளை நட ஒதுக்கும் அதே பாத்தியில் வத்தாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) போடலாம், மரவள்ளி ஊன்றலாம், வேலியோரமென்றால் இராசவள்ளி ஏற்றலாம். நான்கிலும் அதிகம் கெஞ்ச வைப்பது உருளைதான். ஆகவே அதன் இனங்களையும் பார்த்து, மற்ற மூன்றோடும் சேர்த்தே எடை போடுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் இரவு வெப்பம். எல்லோரும் பகல் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். உருளையின் தலைவிதியை எழுதுவது பெரும்பாலும் இரவுதான். மண் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும்போது அது நன்றாகக் கிழங்கு வைக்கும். மட்டக்களப்பில் ஆண்டிலேயே குளிரான தை மாதத்தில்கூட இரவு வெப்பம் 23 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. இரவு சூடாக இருந்தால் செடி தண்டையும் இலையையும் வளர்த்துக்கொண்டே போகும், கிழங்கு வைக்க மறந்துவிடும். மற்ற மூன்றும் வெப்ப நாட்டுப் பயிர்கள், அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது தண்ணீர், அதாவது அது வரும் காலமும் வடியும் வழியும். நமக்கு ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதியை ஒட்டிய பங்கு நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு வைகாசி தொடக்கம் கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று மண்ணை வறுத்தெடுக்கிறது. கிழங்குப் பயிருக்கு இரண்டுமே பகை. தண்ணீர் தேங்கினால் அழுகும். மண் காய்ந்து வெடித்தால் வண்டு புகும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பது உண்மைதான். ஆனால் வாவியோரத்துத் தாழ்ந்த வளவுகளில் மாரியில் நிலத்தடி நீர் மேலேறி ஓரடி தோண்டினாலே ஊறும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலையொட்டிய களிமண் காணி மாரியில் சேறு, கோடையில் கல். சம்மாந்துறைப் பக்கத்துக்கும் இது பொருந்தும். திருக்கோவில், தம்பிலுவில் மணலில் இருப்பவர்கள் எழுவான்கரைக் கணக்கையே போட்டுக்கொள்ளலாம்.

பிறகு நடுகைப் பொருள்: அது எங்கே கிடைக்கும், ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, பக்கத்து வீட்டு வேலியிலிருந்து வெட்டி எடுக்கலாமா. நிலத்தை எத்தனை மாதம் கட்டிப் போடும் என்பது நாலாவது. சின்ன வளவில் இதுதான் உண்மையான வாடகை. கடைசியாக அடுப்படி: கிண்டிய கிழங்கு எத்தனை நாள் இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் அதை வாரத்துக்கு எத்தனை முறை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

உருளைக்கிழங்கு

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் ஏறிப் போனால், மலை தொடங்கி வெலிமடைப் பக்கம் போகும்போதுதான் உருளைப் பாத்திகள் ஒழுங்காகக் கண்ணில் படும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம்; நாம் சில மீற்றர். இந்த இடைவெளியைப் பசளை போட்டு நிரப்ப முடியாது.

‘யாழ்ப்பாணத்தில் விளைகிறதே, அதுவும் தாழ்நிலம்தானே’ என்ற மறுப்பு உடனே வரும். விளைகிறது. அங்கே கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுகிறார்கள். தண்ணீர் நிற்காத செம்மண், நம்மைவிடக் குறைந்த மழை, தை மாதத்தில் வரண்ட குளிர்காற்று, பரம்பரையாகத் தோட்டம் செய்கிற கை, விலை கொடுத்து வாங்கும் விதைக்கிழங்கு எல்லாம் சேர்ந்துதான் அங்கே அது நடக்கிறது. அங்கேயும் நோய் வந்து கைவிட்ட ஆண்டுகள் உண்டு. நம் மார்கழி அடைமழையில் அதே நாட்காட்டியைப் பின்பற்றினால் விதைக்கிழங்கு முளைக்குமுன் அழுகிவிடும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், இனங்களைப் பற்றி:

*கிரனோலா.* இலங்கையில் பரவலாக நடப்படும் இனம். மஞ்சள் தோல், இளமஞ்சள் சதை, உருண்டை வடிவம். ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிந்துவிடும். நமக்கு இதில் உள்ள நன்மை அந்தக் குறுகிய காலம்தான்: பங்குனி வெயில் முற்றுவதற்குள் கிண்டிவிடலாம். விதையும் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும்.

*டெசிரே.* 1962 இல் ஒல்லாந்தில் வெளிவந்த சிவப்புத் தோல் இனம். தண்ணீர் கொஞ்சம் பிந்தினாலும் பொறுக்கும் என்ற பெயர் இதற்கு உண்டு. ஆனால் கிரனோலாவைவிடச் சில நாட்கள் கூடுதலாக எடுக்கும், அந்த நாட்கள் நம் ஊரில் வெயிலுக்குள் போய் விழும். கறிக்குக் கரையாமல் நிற்கும், பொரியலுக்கும் நல்லது.

*ரெட் லசோடா.* அமெரிக்காவின் வெப்பமான தென்மாநிலங்களில் நெடுங்காலமாகப் பயிராகி வரும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதை இனம். வெப்பத்தை ஓரளவு தாங்குவதில் மூன்றிலும் இதுவே மேல். கண்கள் ஆழமானவை என்பதால் தோல் சீவும்போது கொஞ்சம் சதையும் போகும். விதை கையில் கிடைத்தால் நான் இதைத்தான் முதலில் போடுவேன். ஆனால் கேட்ட நேரத்தில் கிடைக்கிற பொருளல்ல.

*கடைக் கிழங்கு.* அடுப்படி மூலையில் முளைத்தது. சந்தையில் உள்ளதில் பெரும்பகுதி இறக்குமதி, என்ன இனமென்று யாருக்கும் தெரியாது. முளை வராமலிருக்க மருந்து பட்டிருக்கவும் கூடும். செலவு இல்லை என்பது ஒன்றே இதற்குச் சாதகம்.

வெப்பத்தைத் தாங்கும் இனம் இந்தியாவில் இருக்கிறதே என்று சிலர் குஃப்ரி சூர்யாவின் பெயரைச் சொல்வார்கள். உண்மைதான், வெப்பத்துக்காகவே உருவாக்கப்பட்டது. ஆனால் சென்னைக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் நாலு விதைக்கிழங்கு வைத்துக்கொண்டு வருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். குற்றம் என்பதைவிடப் பெரிய காரணம், அந்தக் கிழங்கோடு வரக்கூடிய நோய் உங்கள் வளவோடு நிற்காது என்பது.

நோய் என்றதும் இதன் மறைவான செலவுக்கு வந்துவிட்டோம். உருளையும் கத்தரி, தக்காளி, மிளகாயும் ஒரே குடும்பம். மலைநாட்டு மண்ணில் பக்டீரிய வாடல் நோய் இருக்கிறது. வெளியில் பார்க்க நல்லதாக இருக்கும் கிழங்கின் உள்ளேயும் அது இருக்கலாம். அந்தக் கிழங்கைப் பாத்தியில் வைத்தால் உருளை போவது சின்ன விஷயம். அடுத்த போகத்தில் அதே இடத்தில் நட்ட கத்தரி, பச்சையாக நின்றபடியே ஒரு பகலில் தலை தொங்கிவிடும். மண்ணில் புகுந்த அந்த நோய் ஆண்டுக்கணக்கில் போகாது. கத்தரி இல்லாத மட்டக்களப்பு வீட்டுத்தோட்டத்தை நான் கண்டதில்லை. ஒரு கிலோ உருளைக்காக அதைப் பணயம் வைப்பதா என்று ஒரு தரம் யோசியுங்கள். நட்டே தீருவதென்றால் பாத்தியில் நடாமல் பையில் நடச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பையென்றால் வெள்ளை உரப்பை அல்லது அரிசிப் பை. கறுப்பு நாற்றுப் பை வேண்டாம். பகல் பதினொரு மணிக்கு அதன் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே கிழங்கு எப்படியிருக்கும் என்று தெரியும். அடியில் ஓட்டைகள் போட்டு, மேல்மண், கூட்டெரு, தும்புத் தூள் மூன்றையும் கலந்து மூன்றில் ஒரு பங்குக்கு நிரப்பி, பைக்கு இரண்டு விதைக்கிழங்கு. மழையின் உக்கிரம் தணிந்த டிசம்பர் கடைசியில் அல்லது தை முதல் வாரத்தில் நட வேண்டும். காலை வெயில் படும், மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் விழும் கிழக்குப் பக்கம் நல்லது. செடி உயர்ந்ததும் தண்டின் அடிக்கு மண் போட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். உயர உயர மண் நிரப்பினால் பை முழுவதும் கிழங்கு தொங்கும் என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். சீக்கிரம் முதிரும் இனங்கள் அடிமட்டத்தில் வைத்ததோடு நின்றுவிடும்.

என்ன கிடைக்கும்? மலைநாட்டில் ஒரு செடி அரைக்கிலோவைத் தாண்டும். இங்கே நல்ல தை மாதம் வாய்த்தால் ஒரு நேரக் கறிக்குக் காணும். வாய்க்காவிட்டால் பெரியவை எலுமிச்சை அளவிலும் மற்றவை மாபிள் அளவிலும் வரும். கிண்டியதில் ஒன்றைப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுகிக் கழன்றால் இன்னும் முற்றவில்லை, மிச்சச் செடிகளுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்க வேண்டாம், அது நஞ்சு.

உருளை யாருக்கு? பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்களுக்கு, பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு, செய்து பார்த்தாக வேண்டும் என்ற பிடிவாதக்காரருக்கு. சமையலுக்குக் கிழங்கு வேண்டும் என்பவர் மேலே படிக்கலாம்.

வத்தாளை

மணல் வளவு வைத்திருக்கிற யாருக்கும் என் முதல் விடை இதுதான். பெயரில் இரண்டும் கிழங்கு என்றாலும் வத்தாளைக்கும் உருளைக்கும் உறவே இல்லை. இது அடம்பன் கொடியின் குடும்பம். கடற்கரை மணலில் அடம்பன் எப்படிப் படர்கிறது என்று கல்லடியிலும் கிரானிலும் பார்த்தவர்களுக்கு வத்தாளை ஏன் இங்கே சந்தோஷமாக இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

நடுகைப் பொருளுக்குக் காசு தேவையில்லை. கொடியின் நுனிப்பக்கத்திலிருந்து ஓரடி நீளத்துக்கு வெட்டி, பாதியை மண்ணுக்குள் படுக்கவைத்து நட்டால் போதும். ஊரில் ஒருவரிடம் இருந்தால் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். விவசாயத் திணைக்கள இனங்கள் வேண்டுமென்றால் வாரியபொல சிவப்பு, வாரியபொல வெள்ளை, ரணபிம போன்றவற்றைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வையுங்கள். இனத் தேர்வில் நான் பார்ப்பது ஒன்றுதான். வெள்ளைச் சதை மாப்பிடிப்பாக இருக்கும், அவித்துச் சம்பலோடு சாப்பிட, கறிவைக்க ஏற்றது. செம்மஞ்சள் சதை இனிப்பும் ஈரமும் கூடியது, விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டின் அதில் நிறைய உண்டு; சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைச் சொல்வேன். உருளைக்குப் பதிலாகக் கறியில் போட நினைப்பவர் செம்மஞ்சளை நட்டுவிட்டு, கறி இனிக்கிறது என்று என்னைக் குறைசொல்ல வேண்டாம்.

காலம் மூன்றரை, நாலு மாதம். உயர்ந்த மணல் வளவில் ஐப்பசி முதல் மழையோடு போட்டு மாசியில் கிண்டலாம். தாழ்ந்த வளவென்றால் தை பிற்பகுதி வரை பொறுங்கள். சித்திரைக்குப் பிறகு கிண்டலாம். எப்படியானாலும் ஓரடி உயரத்துக்கு வரம்பு கட்டி, அதன்மேல் நடுங்கள். சமதரையில் போட்டால் கொடி அழகாகப் படரும், கிழங்கு விரல் தடிப்பில் நிற்கும்.

இரண்டு விஷயத்தில் வத்தாளை ஏமாற்றும். ஒன்று, மாட்டெருவும் யூரியாவும் கூடினால் இலை மட்டும் வரும். கீரைப் பாத்திக்குப் போடுகிற அளவில் இதற்குப் போட்டு, ‘எவ்வளவு பச்சையாக நிற்கிறது பாருங்கள்’ என்று பெருமைப்படுகிறவர்கள் கிண்டும்போது மௌனமாகிவிடுவார்கள். அடுப்புச் சாம்பல் தூவுங்கள், எருவைக் குறையுங்கள். கொடியின் கணுக்கள் தரையில் வேர்விடாதபடி இடையிடையே தூக்கித் திருப்பிவிடுங்கள்.

மற்றது வண்டு. நீண்ட மூக்கும் நீலமும் சிவப்புமான உடலும் கொண்ட, எறும்பைப் போன்ற சின்னக் கூன்வண்டு. கிழங்கு பருக்கும்போது வரம்பு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். வெளியில் ஊசித் துளை மட்டும் தெரியும். வெட்டினால் கறுத்த சுரங்கங்கள், மூக்கைத் துளைக்கும் கசப்பு நெடி. ஒரு பக்கம் அரித்திருந்தாலும் அந்தக் கசப்பு கிழங்கு முழுவதும் பரவிவிடும், அவித்தாலும் போகாது. மருந்தைவிட மண்ணே இதற்கு நல்ல காவல்: நட்டு ஒன்றரை மாதத்திலிருந்து வெடிப்புகளை மண் அணைத்து மூடுங்கள், கோடையில் ஈரம் வற்ற விடாதீர்கள், முற்றிய கிழங்கை ‘நிற்கட்டும், இன்னும் பருக்கும்’ என்று விட்டுவைக்காதீர்கள். போன முறை வண்டு விழுந்த பாத்தியின் கொடியையே மறுபடி நடுவதுதான் நம் ஊர்களில் பரவலாக நடக்கும் தவறு. இடத்தையும் மாற்றுங்கள், கொடியையும் மாற்றுங்கள்.

முற்றியதா என்று பார்க்க வரம்பை முழுவதும் குலைக்க வேண்டாம். தண்டின் அடியில் விரலால் மணலைத் தோண்டினால் ஒரு கிழங்கு கைக்கு வரும். அதைக் குறுக்கே வெட்டி வையுங்கள். பால் கசிந்து வெட்டுமுகம் வெள்ளையாகவே உலர்ந்தால் கிண்டலாம். கருமை கலந்த பச்சையாக மாறினால் இன்னும் பொறுக்க வேண்டும். கிண்டிய பிறகு கழுவாமல் காற்றோட்டமான நிழலில் பரப்பி வைத்தால் சில வாரங்கள் இருக்கும், நாள் போகப் போக இனிப்பும் கூடும்.

கிழங்குக்கு முன்னரே இளந்தளிர் அடுப்படிக்கு வந்துவிடும். தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். ஒரு செடியிலிருந்து அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை எதிர்பார்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் சுடுவதைவிட அவித்துச் சாப்பிடுவது நல்லது, அவித்ததில் இரத்தச் சீனி மெதுவாகவே ஏறும். அதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று பொருளில்லை.

மரவள்ளி

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, 2022 இல் நெருக்கடி முற்றியபோது, பசளை கேட்காமல் பசியாற்றிய பயிர் எது என்று படுவான்கரையில் யாரையும் கேளுங்கள். மெலிந்த மண்ணிலும் வரும், வறட்சியைத் தாங்கும், ஒரு மரம் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் தரும். தடி நடுகைக்கு இலவசம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் சாய்த்து ஊன்றினால் முடிந்தது. மூன்றடி இடைவெளி வேண்டும் என்பதால் பத்துப் பேர்ச் வளவில் எட்டுப் பத்து மரத்துக்கு மேல் நினைக்க வேண்டாம். கிரிகவடி, எம்யூ 51 போன்ற இனங்கள் நாட்டில் பழக்கமானவை. வீட்டுக்குக் கசப்பில்லாத இனம் எதுவோ அதன் தடியை மட்டும் எடுங்கள். ஏற்கனவே அதை அவித்துச் சாப்பிட்டவரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

நிலத்தைக் கட்டிப் போடும் காலம் ஏழெட்டு மாதம், சில இனங்களுக்கு இன்னும் கூட. நீண்டதுதான். ஆனால் அதற்குள் ஒரு வசதி மறைந்திருக்கிறது. முற்றிய பிறகும் மண்ணுக்குள்ளேயே சில வாரங்கள் விட்டுவைத்து, தேவைக்கு ஒரு மரமாகப் பிடுங்கலாம். பிடுங்கிய பிறகுதான் அவசரம். இரண்டு மூன்று நாளில் வெட்டுமுகத்தில் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும், பிறகு அது கறிக்கு ஆகாது.

தண்ணீர் தேங்கினால் மரவள்ளி தாங்காது. இரண்டு நாள் வெள்ளம் நின்றால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே புளித்து மணக்கும். ஐப்பசியில் ஊன்றுவதென்றால் மேட்டுநிலம் கட்டாயம். தாழ்ந்த காணியில் தை, மாசியில் ஊன்றி அடுத்த மாரி இறுகுமுன் பிடுங்கிவிட வேண்டும்.

மறைவான செலவு வேலிதான். பன்றி, முள்ளம்பன்றி, அகழான் எல்லாவற்றுக்கும் இது பிடிக்கும். யானை வரும் ஊர்களில், வெல்லாவெளி, பட்டிப்பளைப் பிரதேசங்களின் எல்லைக் கிராமங்களில், வீட்டுச் சுவரோடு மரவள்ளியும் வாழையும் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிழங்கு போனால் போகட்டும், அதைத் தேடி வந்தது சுவரையும் தள்ளிவிட்டுப் போகும்.

சமையலில் ஒரு கட்டுப்பாடு. மரவள்ளியில் சயனைட் நஞ்சைத் தரும் பொருள் இயற்கையாகவே உண்டு, தோலில் கூடுதல். உள்தோலையும் சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீரில், மூடியைத் திறந்து வைத்து அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். மூடியைத் திறந்து அவிப்பது விருப்பத்துக்கு விடும் விஷயமல்ல. பிறகு கட்டைச் சம்பலோ மீன்குழம்போ இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

இராசவள்ளி

ருசியில் நான்கிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்; தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்த ஊதாக் கூழுக்கு இணையில்லை. பொறுமையிலும் இதுதான் அதிகம் கேட்கும். சித்திரை, வைகாசியில் கிழங்கின் தலைப்பக்கத்தை வெட்டி நட்டால் மார்கழி, தையில் கொடி காய்ந்த பிறகுதான் கிண்ட முடியும். இடையில் வருவது முழுக் கச்சான் காலம். கிணறு வற்றாத, உவராகாத வளவென்றால் சரி. குழாய்த் தண்ணீரை நம்பி நட்டால் மாதாந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிழங்கின் விலையைக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இதற்குப் பாத்தி வேண்டாம். வேலி, முருங்கை, மதில் ஏதாவது ஏறக் கிடைத்தால் போதும். அதனால் மற்ற மூன்றோடும் இது இடத்துக்குப் போட்டி போடாது. நம் பக்கத்துக்கான சிக்கல் கிண்டும் நேரம்: கொடி காயும்போது அடைமழை. இரண்டடி ஆழத்தில் இருக்கும் கிழங்கைச் சேற்றுக்குள் அலவாங்கு போட்டுத் தேடினால் பாதி உடைந்து வரும். மண்ணைக் குவித்து மேடாக்கி, அல்லது அடியில்லாத பழைய வாளிக்குள் நட்டால் இந்தத் தொல்லை குறையும். உடையாத கிழங்கு இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் இருக்கும், சந்தை விலையும் நல்லது.

ஒரே பார்வையில்

| | உருளை | வத்தாளை | மரவள்ளி | இராசவள்ளி |
|---|---|---|---|---|
| நடும் காலம் | டிசம்பர் கடைசி – தை முதல் வாரம் | ஐப்பசி (மேடு), தை கடைசி (தாழ்வு) | ஐப்பசி (மேடு), தை – மாசி (தாழ்வு) | சித்திரை – வைகாசி |
| காலம் | ஏறக்குறைய 3 மாதம் | 3½ – 4 மாதம் | 7 – 8 மாதமும் மேலும் | 8 – 9 மாதம் |
| நடுகைப் பொருள் | ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும் | கொடி, இலவசம் | தடி, இலவசம் | கிழங்குத் துண்டு, முதல் முறை விலை |
| முதல் எதிரி | சூடான இரவு, வாடல் நோய் | கூன்வண்டு | வெள்ளம், பன்றி | கோடைத் தண்ணீர்ச் செலவு |
| கிண்டிய பின் | நம் வெப்பத்தில் சீக்கிரம் முளைக்கும், அழுகும் | சில வாரம் | 2 – 3 நாள் | 2 மாதத்துக்கு மேல் |
| பொருந்தும் இடம் | பை, கிழக்குச் சுவர் | மணல் வளவு | வேலியடைத்த மேட்டுநிலம் | வேலியோரம், மரத்தடி |

எந்த வளவுக்கு எது

காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான இடங்களில் மண் தெரிகிற இடமே நாலு பாய் விரிப்பு அளவுதான் என்றால், முழுவதும் வத்தாளை. சீமெந்து போட்டு மூடிய வளவென்றால் அதையே உரப்பையில் போடலாம். பைக்கு இரண்டு கொடி, வெயில் முழுவதும் படட்டும். ஆரையம்பதி முதல் களுவாஞ்சிகுடி வரை மணல் வளவும் ஓலை வேலியும் உள்ளவர்கள் நடுவில் வத்தாளை, வேலியில் இராசவள்ளி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் மேட்டுநிலம் இருந்து வேலியும் உறுதியென்றால் மரவள்ளி முதலில். வேலிக்கு வழியில்லை, பன்றித் தொல்லை என்றால் வீட்டோடு சேர்த்து உயர்ந்த வரம்பில் வத்தாளை. மா, பலா நிழல் விழுந்து வெயிலே படாத மூலை இருந்தால் இந்த நான்கும் அங்கே சரிவராது. கரணைக் கிழங்கை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வாவியோரத்தில் கோடையில் கிணறு உவர்க்கும் வீடுகள் தனி வகை. அங்கே எந்தக் கிழங்கையும் சித்திரைக்கு முன் கிண்டி முடிக்கிற மாதிரி நட வேண்டும். வளவு போதிய உயரமானால் ஐப்பசி வத்தாளை. இல்லையென்றால் அந்த ஆண்டு கிழங்கை விட்டுவிட்டுக் கீரை போடுவதில் வெட்கமில்லை.

உருளையை எந்த வளவுக்கும் நான் முழு விடையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பைக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டையும் கத்தரி, தக்காளி, மிளகாய்ப் பாத்திகளுக்குத் தள்ளி வையுங்கள். முடிந்த பிறகு பை மண்ணை அந்தப் பாத்திகளில் கொட்டாமல் வாழையடிக்கும் போடாமல், தென்னைக்குப் போடுங்கள். விதைக்கிழங்கும் வத்தாளைக் கொடியும் நடுகிற வாரத்தில் தேடினால் கிடைக்காது. புரட்டாதியிலேயே உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ கரடியனாற்று விவசாயப் பயிற்சி நிலையத்திலோ பெயரைக் கொடுத்து வையுங்கள். கிடைத்த கொடியில் ஒரு பிடியைக் கிணற்றடியில் ஊன்றிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.